வாப்பாவுக்குக் குடலில் குழாய் வைத்து பார்க்கின்சன் மருந்து கொடுக்கலாமா?

கீழக்கரையான்:

அனைவருக்கும் ஸலாம், வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது, பார்க்கின்சன் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் சிண்டோபா 110 மூன்று வேளை போட்டாலே போதும், கடையைத் திறப்பார், கணக்குப் பார்ப்பார், பள்ளிவாசலுக்கு நடந்தே போய் வருவார். இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை மாத்திரை, கூடவே மருந்து கூடுதல் நேரம் நிற்க என்டகபோன், படுக்கும்போது மெதுவாகக் கரைகிற சிஆர் மாத்திரை. இவ்வளவு கொடுத்தும் ஒரு மாத்திரை இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற மாத்திரை பல நாள் பிடிப்பதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருப்பார், மத்தியான லுஹர் தொழுகை போய் சாயங்கால அஸர் வந்துவிடும், எழ முடியாது. அப்புறம் அடுத்த மாத்திரை போட்டதும் இரண்டும் சேர்ந்து ஏறியது மாதிரி உடம்பு முழுக்க நெளிய ஆரம்பிக்கும், தலையும் தோளும் தன்னால் ஆடும். நடுக்கத்தைக்கூடத் தாங்கிக்கொண்ட உம்மாவுக்கு இந்த நெளிவைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஷார்ஜாவில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாயைக் குடல் வரைக்கும் இறக்கி, இடுப்பில் கட்டிய பம்ப் வழியாக இதே மருந்தை ஜெல்லாக நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஆள் நடக்கிறார், சட்டைப் பொத்தான் தானே போடுகிறார். மதுரையில் நாங்கள் பார்க்கிற நரம்பு டாக்டரிடம் காட்டினேன். அந்த ஜெல் இங்கே கிடைப்பதில்லை, வேண்டுமானால் மூளையில் கருவி வைக்கும் ஆபரேஷனுக்கு யோசியுங்கள், இல்லையென்றால் ஊசி பம்ப் ஒன்று இருக்கிறது என்று சொன்னார், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே அவ்வளவு கூட்டம், அவரைக் குறை சொல்ல முடியாது.

வாப்பாவுக்கு விழுங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை, அப்படியிருக்க எதற்குக் குழாய்? அதே மருந்துதானே, குடலுக்குள் நேரே விட்டால் மட்டும் என்ன மாறிவிடும்? எங்கள் வீட்டில் டியூப் என்றாலே பெரியவாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டதுதான் ஞாபகம், அவர் அதோடு எழவில்லை, அதனால் உம்மா இந்தப் பேச்சை எடுக்கவே விடுவதில்லை. அப்புறம் இந்த வெயில், கரண்ட் கட், உப்புத் தண்ணீர் இதையெல்லாம் வைத்துக்கொண்டு நம் கடற்கரைப் பக்கம் இது நடக்கிற காரியமா? வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தொண்டிக்காரி:

தம்பி, எனக்குச் சொந்த ஊர் தொண்டி, இங்கிலாந்தில் நரம்பியல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். இந்தப் பம்ப் கட்டியவர்கள் எங்களிடம் வழக்கமாக வருகிறவர்கள், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் உம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: பெரியவாப்பாவுக்குப் போட்டது விழுங்க முடியாதவருக்குக் கஞ்சி கொடுக்கிற குழாய். இது சாப்பாட்டுக்கானது இல்லை, மருந்துக்கு மட்டும். பம்ப் கட்டியவர் சோறும் மீன்குழம்பும் வாயால்தான் சாப்பிடுகிறார். படுத்துவிட்டவருக்கு வைப்பது இல்லை இது, நடக்க முடிந்தவர் நாளில் இன்னும் சில மணி நேரம் கூடுதலாக நடக்கட்டும் என்று வைப்பது.

ஏன் குடல் என்றால், சிண்டோபாவில் இருக்கிற முக்கிய மருந்தான லெவோடோபா உறிஞ்சப்படுவது இரைப்பையில் இல்லை, அதைத் தாண்டிய சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில். பார்க்கின்சனில் கை கால் மட்டும் மந்தமாவதில்லை, இரைப்பையும் மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை இரைப்பை அதைக் கீழே தள்ளும் வரை அங்கேயே கிடக்கும், அது இருபது நிமிடமாகவும் இருக்கலாம், இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம். மத்தியான மாத்திரை பிடிக்காததும், பிறகு இரண்டும் சேர்ந்து ஏறுவதும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ரத்தத்தில் சேர்ந்த பிறகும் மருந்து ஒன்றரை மணி நேரம் போலத்தான், அதற்குள் பாதியாகக் குறைந்துவிடும். நோய் புதிதாக இருந்தபோது மூளையில் மிச்சமிருந்த செல்கள், லெவோடோபா மாறி உண்டாகிற டோபமினைச் சேர்த்து வைத்து மெதுவாக விட்டன, மூன்று வேளை போதுமானதாக இருந்தது. இப்போது அந்தச் சேமிப்புக் குறைந்துவிட்டது, ரத்தத்தில் மருந்து ஏறினால் உடம்பு நெளிகிறது, இறங்கினால் உறைகிறது. குழாய் இரைப்பையைத் தாண்டிப் போய் ஒரே சீராக மருந்தை விடுவதால் அந்த ஏற்ற இறக்கம் அடங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். மருந்து வாப்பா போடுகிற அதே லெவோடோபாவும் கார்பிடோபாவும்தான்.

இது சுவீடனில் உப்சாலா பக்கத்து ஆட்கள் உருவாக்கியது. ஐரோப்பாவில் 2004இல் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் 2015 ஜனவரியில். 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 71 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ ஜெல்லும் போலி மாத்திரையும், மறு பாதிக்குப் போலி ஜெல்லும் நிஜ மாத்திரையுமாக 12 வாரம் கொடுத்தார்கள், எல்லோருக்குமே வயிற்றில் குழாய். மாத்திரைக்காரர்களுக்கு ஆஃப் நேரம், அதாவது மருந்து இறங்கி உறைந்திருக்கிற நேரம், நாளைக்கு இரண்டு மணி நேரம் போலக் குறைந்தது, ஜெல்காரர்களுக்கு நான்கு மணி நேரம் போல. இரண்டு மணி நேர வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும், லுஹரிலிருந்து அஸர் வரை நாற்காலியில் இருக்கிறவருக்கு அது சின்னது இல்லை.

முதலில் சில நாள் மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் சிறுகுடல் வரை இறக்கிப் பம்ப் ஓட்டிப் பார்ப்பார்கள், அதில் நன்றாக இருந்தால்தான் வயிற்றில் துளை. எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்த்து வயிற்றுச் சுவர் வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய், அதற்குள்ளேயே இன்னொரு மெல்லிய குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போகும். மருந்து 100 மில்லி கேசட்டில் வரும், மில்லிக்கு 20 மில்லிகிராம் லெவோடோபா, ஆக ஒரு கேசட்டில் 2000. காலையில் ஒரு பெரிய டோஸ், அப்புறம் மணிக்கு இத்தனை மில்லி என்று ஓடும், பெரும்பாலோருக்கு 2 முதல் 6 மில்லிக்குள். உறைவது போலத் தெரிந்தால் ஒரு பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். 16 மணி நேரம் ஓட்டிவிட்டு ராத்திரி கழற்றி, குழாயில் தண்ணீர் விட்டு அலசிவிட்டுப் படுத்துவிடலாம். குளிப்பதற்கும் கழற்றிக்கொள்ளலாம், துளை ஆறிய பிறகு தொழுகைக்கு ஒளு செய்வதில் ஒரு தடையும் இல்லை.

இப்போது நல்லதல்லாத பக்கம். குழாய் மடங்கும், அடைக்கும், உள்ளே போன நுனி சுருண்டு திரும்ப இரைப்பைக்கே வந்துவிடும். அப்படி வந்தால் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆள் மட்டும் பழையபடி உறைந்து போவார், எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். துளையைச் சுற்றிச் சீழ் பிடிக்கும், சதை வளரும். மேலே சொன்ன ஆய்விலேயே ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒரு தொல்லை வந்தது, பெரும்பாலும் குழாயும் துளையும் சம்பந்தப்பட்டது. நார்ச் சக்கை குழாய் நுனியில் சுற்றிக்கொண்டு கட்டியாவது உண்டு, முருங்கைக்காயை மென்று சக்கையை விழுங்குகிற ஆளாக இருந்தால் கவனம், வாழைத்தண்டும் அப்படித்தான். எடை குறையும், பி12, பி6 குறைந்து கால் மரத்துப் போவதும் உண்டு, அதனால் ரத்தப் பரிசோதனை அவ்வப்போது பார்க்க வேண்டும். ஞாபக மறதி அதிகமாகி, இல்லாத ஆட்களைப் பார்க்கிற நிலையில் இருப்பவருக்கு இது சரிவராது.

உங்கள் கரண்ட் கேள்விக்கு: நான் பார்க்கிற பம்ப் சாதாரண டபுள் ஏ பேட்டரியில் ஓடுவது, கரண்ட் போனால் நிற்காது. சிக்கல் ஃபிரிட்ஜில். கேசட்டை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், வெளியே எடுத்தால் 16 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

தங்கச்சிமடத்தான்:

அக்கா விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் அந்த ஜெல் பம்பைப் பார்த்ததில்லை. ஆனால் என் அம்மாவுக்குப் பார்க்கின்சன், இப்போது விழுங்க முடியாமல் வயிற்றில் பெக் டியூப் வைத்து, அதன் வழியாகத்தான் கஞ்சியும் சிண்டோபாவும். கருவாட்டு யாவாரம் பார்த்த பொம்பளை, கையால் பேசுகிறவர், இப்போது கண்ணால்தான் பேசுகிறார். பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாத அந்த இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபம் வரை ஆட்டோவில் கொண்டுபோய் அங்கிருந்து ரயிலேற்றி மதுரைக்குக் கூட்டிப்போன கதையெல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

குழாய் வைத்து வீட்டில் பார்க்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன், கீழக்கரைத் தம்பிக்கு இப்போது தேவைப்படாது, இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படும். சாதாரண சிண்டோபாவைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் குழாயில் விடலாம். சிஆர் என்று போட்டிருக்கிற மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. அது மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மாத்திரை, பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். ஒரு மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்திருந்தபோது ராத்திரி சிஆரை இடித்துக் குழாயில் விட்டுவிட்டார்கள், விடியற்காலம் வரை நெளிந்தார், விடிந்த பிறகு கையைத் தூக்கினால் மரக்கட்டை. நான் சீட்டைக் காட்டிச் சண்டை போட்ட பிறகுதான் டாக்டர் வந்து சாதாரண மாத்திரையாக மாற்றி எழுதினார்.

மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் குழாய் அடைத்துவிடும். குடிக்கிற தண்ணீரை விடுங்கள், எங்கள் தெருக் குழாயில் வருகிற உப்புத் தண்ணீரை நான் அதில் விடுவதே இல்லை. புரோட்டீன் பவுடர் கலந்த கஞ்சியையும் சிண்டோபாவையும் ஒன்றாக விடாதீர்கள், மாத்திரையை அரை மணி நேரம் முன்னால் விட்டுவிடுங்கள். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து சிரப் எழுதியிருந்தால் அதையும் தள்ளி வையுங்கள், இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள்.

அப்புறம் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால் உடனே ஓட வேண்டும், துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும். ராத்திரி எங்கே ஓடுவது என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் குழாய் வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

உச்சிப்புளி_குமார்:

ஒரு சந்தேகம். இங்கே கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமே? சாக்லேட், தைலம் எல்லாம் வருகிறதே.

தொண்டிக்காரி:

குமார் தம்பி, ஒரு பெட்டியில் 7 கேசட், நாளைக்கு ஒன்று, அதாவது ஒரு பெட்டி ஒரு வாரம். ஃபிரிட்ஜிலேயே வைத்தாலும் 15 வாரம்தான் தாங்கும். விமானத்தில் குளிர் குறையாமல் கொண்டுவந்து, ராமநாதபுரம் வெயிலில் இறக்கி, அடுத்த ஆள் லீவில் வருவதற்குள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? வயிற்றில் துளை இருக்கும், மருந்து இருக்காது. திடீரென்று லெவோடோபா நின்றால் ஆள் உறைவது மட்டும் இல்லை, கடும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பம்ப் வைத்தவர்கள்கூட மாத்திரையை வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது அதற்காகத்தான். விலையும் கேளுங்கள், இங்கே ஒரு கேசட் 77 பவுண்டு என்று விலை போட்டிருக்கிறது, வருடத்துக்கு 28 ஆயிரம் பவுண்டு போல வரும். இங்கே அரசு கொடுக்கிறது, அதனால் நோயாளிக்குத் தெரிவதில்லை.

மருந்தும், பம்ப் கம்பெனி ஆளும், ராத்திரியில் எண்டோஸ்கோப்பி செய்கிற இடமும் பக்கத்தில் இருக்கிற ஊருக்கான வைத்தியம் இது. நான் வேலை பார்க்கிற ஊரில் தாராளமாகச் சொல்வேன், என் சொந்த வாப்பா தொண்டியில் இருந்தால் இன்றைக்கு இதை வைக்கச் சொல்லமாட்டேன்.

பழைய_பார்மசிஸ்ட்:

ராமநாதபுரத்தில் பல வருடம் மருந்துக்கடையில் நின்றவன், இப்போது ஓய்வு. தொண்டிக்காரி அம்மா கடைசியில் சொன்னதை நான் முதலிலேயே சொல்லியிருப்பேன். கீழக்கரைத் தம்பி, குழாய் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வாப்பாவின் மத்தியான மாத்திரையை யாராவது உட்கார்ந்து கவனித்தார்களா? "சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிற மாத்திரை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் மத்தியானச் சாப்பாடு என்றால் மீன், ஆணம், வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சி. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். மீனிலும் இறைச்சியிலும் இருக்கிற புரதம் உடைந்து வருவதும் அமினோ அமிலம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகவும், ரத்தத்திலிருந்து மூளைக்குப் போகவும் இரண்டுக்கும் ஒரே வாசல், கூட்டம் அதிகமானால் மருந்து வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை, அதுவும் நிறையத் தண்ணீரோடு. மீனையும் இறைச்சியையும் ராத்திரிக்குத் தள்ளிவைத்துவிட்டு, மத்தியானம் சோறு, ரசம், காய்கறி என்று ஒரு வாரம் பார்க்கலாம். மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள், இந்த நோயில் ஏற்கெனவே எடை குறையும், மெலிந்து போய்விடுவார். இதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழாய் வைத்தாலும் இந்தப் புரதப் பிரச்சினை முழுக்கத் தீராது, மூளை வாசலில் போட்டி அப்படியேதான் இருக்கும், அந்த வீடியோவில் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும். கேட்டால் சொல்லமாட்டார்கள், வெட்கம். வயிறு இறுகினால் மாத்திரையும் ஒழுங்காக இறங்காது, அதைச் சரி செய்தாலே சிலருக்கு மருந்து பிடிப்பதில் வித்தியாசம் தெரியும்.

கடையில் நின்று பார்த்ததில் எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. பார்க்கின்சன்காரர் வாந்தி என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போவார், மெட்டோக்ளோப்ரமைடு ஊசி போட்டு அனுப்புவார்கள். தலைசுற்றல் என்று போவார், ஸ்டெமெட்டில் எழுதுவார்கள், இல்லையென்றால் சின்னாரிசின். மூன்றும் டோபமினைத் தடுக்கிறவை, நடந்து போன ஆளைத் தூக்கிக்கொண்டு வர வைக்கும். வாந்திக்கு டோம்பெரிடோன் பரவாயில்லை, அதையும் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு சின்ன அட்டையில் இந்தப் பெயர்களை எழுதி வாப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, யாராவது பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கச் சொல்வார்கள். அதில் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. எவ்வளவு இருக்கிறது என்று பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும், சிண்டோபாவுக்கு மேல் அதையும் கொடுத்தால் வாப்பாவின் நெளிவு இரட்டிப்பாகும்.

இதெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். டாக்டர்கள் 5, 2, 1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நாளைக்கு ஐந்து வேளை அல்லது அதற்கு மேல் லெவோடோபா, இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆஃப், ஒரு மணி நேரமாவது தொல்லை தரும் நெளிவு. வாப்பாவுக்கு முதல் இரண்டும் இருக்கிறது, மூன்றாவதும் இருக்கும் போலத் தெரிகிறது. அப்படியானால் மதுரை டாக்டர் அவசரத்தில் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்போமார்ஃபின் பம்ப் தோலுக்கடியில் ஊசி வழியாக ஓடுவது, வயிற்றில் துளை வேண்டாம், நம் நாட்டிலும் கிடைக்கிறது. ஊசி குத்துகிற இடத்தில் கட்டி கட்டியாக வரும், குமட்டல் இருக்கும், விலை இருக்கிறது. மூளையில் கருவி வைப்பது வேண்டுமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திராவில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது, சென்னையிலும் செய்கிறார்கள். எழுபதை நெருங்கினாலும் ஞாபகசக்தி நன்றாக இருந்து, மாத்திரை ஏறும்போது நன்றாக நடக்கிறவராக இருந்தால் பரிசீலிப்பார்கள். மாத்திரை ஏறியும் நடக்க முடியாதவருக்குக் கருவி வைத்தாலும் நடை வராது, குழாய் வைத்தாலும் வராது.

கீழக்கரையான்:

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹ் ஹைர். உம்மாவை உட்காரவைத்து அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். "வாயால சோறு திங்கலாமா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அப்புறம் கொஞ்சம் இளகினார்கள். மத்தியான மீனைத் தள்ளிப்போடுவதுதான் வாப்பாவிடம் பெரிய சண்டையாக இருக்கிறது, "மீன் இல்லாத சோத்துக்கு ஆஃப்லயே இருந்துட்டுப் போறேன்" என்கிறார். மலச்சிக்கல் விஷயம் நீங்கள் சொன்னபடியேதான், வாரத்துக்கு இரண்டு தடவைதான் போகிறாராம், இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. ரமலான் வந்தால் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், பகல் மாத்திரையை எல்லாம் விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கும், நோன்பு திறக்கிற இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாமா? அப்புறம் இதே மருந்தைத் தோலுக்கடியில் கொடுக்கிற பம்ப் ஒன்று புதிதாக வந்திருப்பதாக மச்சான் சொல்கிறார், அது என்ன?

தொண்டிக்காரி:

நோன்பு விஷயத்தில் நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லமாட்டேன், நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும், ஊர் ஆலிமைக் கூட்டிவந்து வாப்பாவிடமே பேசச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார். மருத்துவமாகச் சொன்னால், நாளைக்கு ஆறு வேளை போடுகிறவர் பகல் முழுக்க மாத்திரை இல்லாமல் இருப்பது ஆபத்து. சஹரில் மூன்று வேளை மாத்திரையைச் சேர்த்துப் போட்டால் அது பகலுக்குச் சேமிப்பாக இருக்காது, சுபுஹுக்கு நெளிவார், லுஹருக்கு உறைந்திருப்பார். தண்ணீர் இல்லாமல் ரத்த அழுத்தமும் இறங்கும், எழுந்தால் விழுவார்.

மச்சான் சொல்வது ஃபாஸ்லெவோடோபா, ஃபாஸ்கார்பிடோபா. லெவோடோபாவை நீரில் நன்றாகக் கரைகிற மாதிரி மாற்றி, தோலுக்கடியில் 24 மணி நேரமும் விடுவது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் அனுமதி ஆனது, இங்கே அதற்கு முன்பே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வயிற்றில் துளை வேண்டாம் என்பதால் புதிதாக வருகிறவர்களில் பலர் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். தோலில் சிவப்பு, கட்டி, தொற்று வருவது உண்டு. மதுரை டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது ஜெல்லைக் கேட்காதீர்கள், இது நம் நாட்டுக்கு எப்போது வரும் என்று கேளுங்கள்.

பழைய_பார்மசிஸ்ட்:

மீனை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம், மத்தியானம் ஒரு துண்டு, ராத்திரி மீதி என்று பேரம் பேசுங்கள். பேதி மாத்திரை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள்.

அடுத்த முறை மதுரை போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் அரை மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு, மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நடக்கிறாரா, உறைந்திருக்கிறாரா, நெளிகிறாரா என்று மூன்று நாள் குறித்துக் கொண்டுபோங்கள். கூட்டத்தில் டாக்டருக்குக் கதை கேட்க நேரம் இருக்காது, அந்தத் தாளைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆஃபில் இருக்கும்போதும் நெளியும்போதும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் இவர்கள் எல்லோரும் நன்றாக நடந்து காட்டிவிடுவார்கள்.